காயத்துக்குச் சாட்சி கேட்கிறார்கள்

போரில் தலை அதிர்ந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள், சரியான மருத்துவர் முன்னால் போய் உட்காருவதற்கே ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள்.

2020 ஜனவரி 8. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி இருக்கும். மேற்கு இராக்கில் உள்ள அல் அசாத் விமானப் படைத் தளத்தின் மீது ஈரானின் ஏவுகணைகள் விழத் தொடங்கின. ஐந்து நாள் முன்புதான் பாக்தாத்தில் வைத்து ஈரானியத் தளபதி காசிம் சுலைமானியை அமெரிக்கா கொன்றிருந்தது. அதற்கான பதிலடி இது. அந்தத் தளத்தை மட்டும் 11 ஏவுகணைகள் தாக்கின. வீரர்கள் ஒதுங்கியிருந்த பதுங்குகுழிகளில் பல, சின்ன ராக்கெட்டையும் மோர்ட்டார் குண்டையும் தாங்கக் கட்டியவை. வந்து விழுந்தவையோ ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை டன் எடையுள்ள வெடிமுனையைச் சுமந்தவை.

விடிந்து பார்த்தபோது ஓர் உயிர்கூடப் போகவில்லை. 'எல்லாம் நலம்' என்று அதிபர் ட்ரம்ப் ட்விட்டரில் எழுதினார். அமெரிக்கத் தரப்பில் யாருக்கும் காயமில்லை என்று உலகம் முழுக்கச் செய்தி போனது. சில நாள் கழித்து, 11 பேரை மூளை அதிர்ச்சிக்காக மேல்சிகிச்சைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றது ராணுவம். அந்த எண்ணிக்கை 34 ஆனது, 50 ஆனது, 64 ஆனது, கடைசியில் 110-ல் வந்து நின்றது. இடையில் டாவோஸ் மாநாட்டில் நிருபர்கள் கேட்டபோது, தலைவலி என்று கேள்விப்பட்டேன், பெரிதாக ஒன்றுமில்லை என்கிற தோரணையில் அதிபர் பதில் சொன்னார்.

எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்கு அமெரிக்கா கொடுக்கும் பதக்கம் பர்ப்பிள் ஹார்ட். அந்த 110 பேரில் முதலில் 29 பேருக்குத்தான் கிடைத்தது. சிபிஎஸ் தொலைக்காட்சி விடாமல் கிளறிய பிறகு, 2021 டிசம்பரில் இன்னும் 39 பேருக்கு ஒப்புதல் வந்தது. பதக்கம் வெறும் அலங்காரமல்ல. இந்த ஆள், இந்த நாளில், இந்த இடத்தில் காயம்பட்டார் என்று அரசாங்கமே எழுதிக் கொடுக்கும் சான்று அது. பின்னாளில் சிகிச்சைக்கும் உதவித்தொகைக்கும் நடையாய் நடக்கும்போது, அந்தச் சான்று கையில் இருப்பவரின் பாடு வேறு. இல்லாதவரின் பாடு வேறு.

இல்லாதவர்கள்தான் அதிகம். 2000-ம் ஆண்டிலிருந்து இன்றுவரை அமெரிக்கப் படையினரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மூளைக்காயம் இருப்பதாக ராணுவ மருத்துவமே பதிவு செய்திருக்கிறது. போர்முனையில் மட்டுமல்ல, பயிற்சியிலும் வாகன விபத்திலும் விழுந்து அடிபட்டதிலும் ஏற்பட்டவை இவற்றில் நிறைய. ஐந்தில் நான்குக்கும் மேல் 'லேசான' காயம் என்ற பிரிவில் வருகின்றன. அரை மணி நேரத்துக்குள் நினைவு திரும்பிவிட்டால், குழப்பம் ஒரு நாளுக்குள் தெளிந்துவிட்டால் அது லேசு. அடிபட்ட அந்த நேரத்தை மட்டுமே இந்தக் கணக்கு அளக்கிறது. பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள் என்பது உண்மை. தேறாத மிச்சப்பேருக்கு அடுத்த பத்து வருடம் எப்படிப் போனது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஸ்கேனில் தெரியாதது

குண்டு வெடிக்கும்போது இரும்புச் சில்லுக்கு முன்னால் வந்து சேருவது காற்றழுத்தம். தலைக்கவசம் சில்லைத் தடுக்கும். அழுத்த அலையை அது பெரிதாகத் தடுப்பதில்லை. ஓடு உடையாமலே முட்டைக்குள் கரு கலங்கிப்போகிற மாதிரி, மண்டையோட்டில் ஒரு கீறல்கூட விழாமல் உள்ளே மூளை பாதிக்கப்படலாம். சி.டி. எடுத்தால் ஒன்றும் இருக்காது. எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் பல நேரம் சுத்தமாகவே வரும்.

அமெரிக்க ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நோய்க்கூறியல் வல்லுநர் டேனியல் பெர்ல், வெடி அதிர்ச்சிக்கு ஆளாகி இறந்தவர்களின் மூளைகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். மூளைத் திசுவும் திரவமும் சந்திக்கும் ஓரங்களில், சாம்பல் நிறப் பகுதியும் வெள்ளைப் பகுதியும் ஒட்டும் எல்லையில், அடர்த்தி மாறுகிற இடங்களிலெல்லாம் மெல்லிய தழும்பு ஓடியிருந்தது. விளையாட்டு வீரர்களின் மூளையில் பார்த்த பாதிப்பிலிருந்து இது வேறுபட்டது. 2016-ல் லான்செட் நியூராலஜி இதழில் அந்த ஆய்வு வெளியானது. முதல் உலகப் போரின்போது அதே லான்செட்டில், 1915-ல், சார்லஸ் மையர்ஸ் 'ஷெல் ஷாக்' பற்றி எழுதியிருந்தார். அது மூளையில் பட்ட அடியா, மனதில் பட்ட அடியா என்று நூறு வருடம் வாதாடியிருக்கிறார்கள். பெர்ல் காட்டிய தழும்பு அந்த வாதத்தில் ஒரு பக்கத்துக்குக் கனமான சாட்சி. ஆனால் அந்தச் சாட்சி கிடைப்பது ஆள் இறந்த பிறகுதான்.

ரயன் லார்கின் விஷயத்தில் அதுதான் நடந்தது. அமெரிக்கக் கடற்படையின் சீல் என்னும் அதிரடிப் பிரிவில் இருந்தவர். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றியவர். திரும்பி வந்தவருக்குத் தூக்கம் போனது, சிரிப்பு போனது, தலைக்குள் ஏதோ சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பரிசோதனைகள் அவர் பக்கம் பேசவில்லை. மனநோய்க்கான மருந்துகள் மேலும் மேலும் சேர்ந்தன. 2017 ஏப்ரலில், 29 வயதில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தன் உடல் மூளைக்காய ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது அவர் விருப்பமாக இருந்தது. பெர்லின் ஆய்வகம் அவர் மூளையைப் பார்த்துவிட்டு, கடுமையான தழும்பு இருப்பதாகக் குடும்பத்துக்குச் சொன்னது. தந்தை ஃபிராங்க் லார்கின் சாதாரண ஆள் இல்லை. முன்னாள் சீல் வீரர், அப்போது அமெரிக்க செனட் சபையின் பாதுகாப்புத் தலைமை அதிகாரி. வாஷிங்டனில் எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர். அவர் மகனுக்கே சரியான கதவு திறக்கவில்லை என்றால், ஏதோ ஒரு சின்ன ஊரில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கும் முன்னாள் சிப்பாயின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நான்கு கேள்விகள்

முன்னாள் படைவீரர் நலத்துறையை அமெரிக்காவில் எல்லோரும் 'வி.ஏ.' என்றுதான் சொல்கிறார்கள். நாடு முழுக்க ஆஸ்பத்திரிகள் நடத்துகிறது. 2007 ஏப்ரலிலிருந்து, இராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் போய்வந்து வி.ஏ. ஆஸ்பத்திரிக்குள் நுழைகிற ஒவ்வொருவரிடமும் நான்கு கட்டமாகக் கேள்வி கேட்கிறார்கள். அங்கே இருந்தபோது குண்டுவெடிப்பு, வாகன விபத்து, கீழே விழுந்தது போல ஏதாவது நடந்ததா? நடந்த உடனே நினைவு தப்பியதா, கண் இருட்டியதா? அதற்குப் பிறகு தலைவலி, மறதி, எரிச்சல் புதிதாகத் தொடங்கியதா? கடந்த ஒரு வாரத்தில் அதெல்லாம் இருக்கிறதா? நான்குக்கும் ஆம் என்றால்தான் அடுத்த படி: நிபுணரின் முழுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஐந்து பேரில் ஒருவர் இந்த வடிகட்டியைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறார்.

இந்த ஏற்பாடு தானாக வரவில்லை. 2007 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் நிருபர்கள் டானா பிரீஸ்ட்டும் ஆன் ஹல்லும், ராணுவத்தின் பெருமைக்குரிய வால்டர் ரீட் ஆஸ்பத்திரியின் '18-ம் எண் கட்டடத்தில்' காயம்பட்ட வீரர்கள் பூஞ்சை படர்ந்த சுவர்களுக்கு நடுவே, படிவங்களின் சுழலில் சிக்கிக் கிடப்பதை வெளிக்கொண்டு வந்தார்கள். ராணுவ அமைச்சர் பதவி விலக நேர்ந்தது. அடுத்த வருடம் ராண்ட் ஆய்வு நிறுவனம், அந்த இரண்டு போர்களிலும் மூன்று லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மூளை அதிர்ச்சி நேர்ந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரை அதற்காக ஒரு மருத்துவர்கூடப் பரிசோதித்ததில்லை.

நான்கு கேள்விகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 'குண்டு வெடித்ததா' என்று கேட்டால் எந்தச் சிப்பாயும் எதிரியின் குண்டைத்தான் நினைப்பார். 2017-ல் சிரியாவின் ரக்காவில் ஐ.எஸ். அமைப்புக்கு எதிராக ஒரு அமெரிக்க மரீன் பீரங்கிப் படை ஐந்து மாதத்தில் 35,000 குண்டுகளைச் சுட்டது. வியட்நாம் போருக்குப் பிறகு எந்த மரீன் பீரங்கிப் பிரிவும் அவ்வளவு சுட்டதில்லை என்று ராணுவ மேலிடத்தில் இருந்த ஒருவரே பெருமையாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும் பீரங்கியின் பக்கத்தில் நின்றவர்களின் உடலுக்குள் அந்த அதிர்வு பாய்ந்தது. அவர்கள் எதிரியைக் கண்ணால் பார்க்கவில்லை. அவர்கள் மேல் ஒரு குண்டும் விழவில்லை. ஊர் திரும்பிய பிறகு சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிந்தன, சிலருக்குத் தூக்கம் அற்றுப்போனது. 2023 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் இவர்களின் கதையை விரிவாக எழுதும்வரை, இவர்களில் பலருக்குக் கிடைத்தது மனச்சோர்வு, கவனக்குறைபாடு என்கிற முத்திரைதான். சொந்தப் பீரங்கி சொந்த ஆளைக் காயப்படுத்தும் என்று கேள்வித்தாளைத் தயாரித்தவர்களுக்குத் தோன்றவே இல்லை.

சுட்ட குண்டுகளுக்கு ராணுவத்திடம் கணக்கு இருக்கிறது. பீரங்கியின் குழாய் எத்தனை முறை சுட்டபின் மாற்றப்பட வேண்டும் என்பதற்கு ஏடு வைத்துப் பராமரிக்கிறார்கள். அதே குழாய்க்கு ஓரடி தள்ளி நின்றவனின் தலைக்கு ஏன் ஓர் ஏடு இல்லாமல் போனது? எனக்கு இதைவிடக் கோபம் மூட்டுகிற விஷயம் இந்த முழுக் கதையிலும் இல்லை.

சீட்டு நகரும் வழி

சரி, நான்கு கேள்விக்கும் ஆம் சொல்லி, மேல்பரிசோதனைக்குச் சீட்டும் எழுதியாகிவிட்டது. அதன் பிறகு?

அந்தச் சீட்டு கணினியில் நிபுணரின் பிரிவுக்குப் போகும். அங்கிருந்து தொலைபேசி வரும். எடுக்கவில்லை என்றால் மறுபடி வரும். பிறகு கடிதம் வரும். அதற்கும் பதில் இல்லை என்றால் சீட்டை மூடிவிடலாம் என்று விதி அனுமதிக்கிறது. மற்ற நோயாளிகளுக்கு இது நியாயமான விதிதான். ஆனால் இந்த நோயாளியின் நோயே மறதி. தெரியாத எண்ணிலிருந்து மணி அடித்தால் எடுக்க மனம் வராது. நாள், நேரம், அறை எண் மூன்றையும் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு முறை தவறவிட்டால், 'வரவில்லை' என்று பதிவாகிறது. நோயின் அடையாளமே நோயாளியின் குற்றமாக ஏட்டில் ஏறுகிறது. இப்படிப்பட்ட வீடுகளில் காலண்டர், மாத்திரை டப்பா, ஃபைல், ஆஸ்பத்திரிக்காரர்களோடு மல்லுக்கட்டு எல்லாம் மனைவி தலையில்தான் விழுகின்றன. மணமாகாதவராக இருந்தால் அம்மா தலையில். பராமரிக்கும் குடும்பத்தினருக்கு மாதப் பணம் தர 2010-ல் சட்டம் வந்தது நல்ல காரியம். ஆனால் அதிலும் மறுமதிப்பீடு என்று வந்து பலரைத் தகுதியில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2022-ல் அந்த நீக்கங்களை நிறுத்திவைத்தார்கள்.

வி.ஏ.வில் தாமதம் என்பது பழைய நோய். 2014-ல் ஃபீனிக்ஸ் நகர ஆஸ்பத்திரியில், உண்மையான காத்திருப்புப் பட்டியலை மறைத்து வைத்துவிட்டு மேலிடத்துக்கு அழகான கணக்கு அனுப்பியது அம்பலமானது. வி.ஏ. அமைச்சர் எரிக் ஷின்செகி பதவி விலகினார்; வியட்நாமில் பாதத்தில் ஒரு பகுதியை இழந்தவர் அவர். அந்த வருடமே, வெளி ஆஸ்பத்திரிக்குப் போக வழி செய்யும் சட்டம் வந்தது. 2018-ல் அதைவிட விரிவான மிஷன் சட்டம். இன்றைய விதிப்படி, நிபுணரைப் பார்க்க வி.ஏ.வில் 28 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்றாலோ, சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும் என்றாலோ, அரசுச் செலவில் தனியாரிடம் போகலாம். 2025 மே மாதத்திலிருந்து, ஒரு வி.ஏ. மருத்துவர் அனுப்பலாம் என்று எழுதிவிட்டால் இன்னொரு மருத்துவர் அதைச் சரிபார்க்க வேண்டியதில்லை என்றும் தளர்த்தினார்கள். நல்ல தளர்த்தல்.

ஆனால் மூளைக்காயத்தைப் பொறுத்தவரை தனியார் கதவு திறந்ததில் முழு ஆறுதல் இல்லை. பக்கத்து ஊர் நரம்பியல் மருத்துவருக்குப் பக்கவாதம் தெரியும், வலிப்பு தெரியும். வெடி அதிர்ச்சி பட்டு, தூக்கமும் கோபமும் கண்பார்வையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஒருவரை அவர் எத்தனை பேர் பார்த்திருப்பார்? அனுமதிக்கு ஒரு கெடு தேதி இருக்கும். அங்கே எடுத்த குறிப்புகள் வி.ஏ. கணினிக்குத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால், கதையை முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டியவர் அந்த மறதிக்காரர்தான்.

உதவித்தொகைக்கான பரிசோதனை தனிப் பாடு. மருத்துவர் ஐந்தாறு சொற்களைச் சொல்லி, சிறிது நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார். கவனம், தீர்மானிக்கும் திறன், பழகும் விதம், திசை அறிவது என்று பத்துத் தலைப்புகளில் மதிப்பெண் விழும். அமைதியான அறை, ஒரே ஆள், ஒரே கேள்வி. அங்கே பலர் ஒருவழியாகச் சமாளித்துவிடுவார்கள். அதே ஆளை ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில், மேலே வரிசையாகக் குழல்விளக்கு எரிய, அலமாரி நெடுக நூறு நிறத்தில் டப்பாக்கள் நிற்க, பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழ, கையில் நான்கு சாமான் எழுதிய துண்டுச்சீட்டைக் கொடுத்து விட்டுப் பாருங்கள். பாதியில் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்துகொள்வார். மதிப்பெண் போடும் அறையில் இது தெரியாது. கூட வந்தவரை உள்ளே கூப்பிட்டுக் கேட்டால்தான் தெரியும்.

அந்தப் பரிசோதனையையும் ஒழுங்கான ஆட்கள் செய்யவில்லை என்பது 2016-ல் தெரிந்தது. முதன்முதலில் மூளைக்காயம் என்று முடிவு சொல்ல, நரம்பியல் நிபுணர், நரம்பு அறுவைச் சிகிச்சை நிபுணர், மனநல மருத்துவர், மறுவாழ்வு மருத்துவர் ஆகிய நான்கு பேரில் ஒருவர் வேண்டும் என்பது வி.ஏ.வே வகுத்த விதி. 2007 முதல் 2015 வரை 24,000-க்கும் அதிகமானோரை இந்த நால்வரில் சேராதவர்கள் பரிசோதித்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் மறுபரிசோதனை தருகிறோம் என்று அன்றைய அமைச்சர் ராபர்ட் மெக்டொனால்ட் அறிவித்தார். தவறை ஒப்புக்கொண்டது சரிதான். எட்டு வருடம் முன்பு 'உனக்கு ஒன்றுமில்லை' என்று கேட்டுவிட்டுப் போனவர், இப்போது வரும் கடிதத்தை நம்பித் திரும்ப வருவாரா?

இன்னும் வெளியே நிற்பவர்கள் உண்டு. மூளைக்காயம் சுபாவத்தை மாற்றும்: சட்டென்று கோபம், குடி, சொன்ன நேரத்துக்கு வராமல் போவது, மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசுவது. ராணுவம் இதை ஒழுங்கீனம் என்று பார்க்கிறது. 2011 முதல் 2015 வரை ஒழுங்கீனக் காரணம் காட்டி வெளியே அனுப்பப்பட்ட 91,764 பேரை அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தது. அவர்களில் 62 சதவீதத்தினருக்கு, வெளியேற்றப்படுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் மூளைக்காயமோ, போருக்குப் பிந்தைய மனஅழுத்தமோ, அதுபோல வேறு பாதிப்போ இருப்பதாக மருத்துவப் பதிவு இருந்தது. அப்படிப் பதிவு இருந்தும் 13,283 பேருக்கு, வி.ஏ. சிகிச்சைக்கான உரிமையையே பறிக்கக்கூடிய மோசமான டிஸ்சார்ஜ் சான்று கொடுத்து அனுப்பியிருந்தார்கள். காயம் அவர்களைக் கெட்ட சிப்பாயாக்கியது; கெட்ட சிப்பாய் என்ற சான்று காயத்துக்கு மருந்து கிடைக்காமல் செய்தது.

போய்ச் சேர்ந்தால்

சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் தேறுகிறார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'மூளை போனால் போனதுதான்' என்கிற எண்ணம் நோயாளிகளிடமே இருக்கிறது. ரிச்மண்ட், டாம்பா, மினியாபொலிஸ், பாலோ ஆல்டோ, சான் அன்டோனியோ ஆகிய ஐந்து ஊர்களில் வி.ஏ.வின் பெரிய மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. அங்கே நரம்பியல், கண், காது, தூக்கம், பேச்சுப் பயிற்சி, மனநலம் எல்லாம் ஒரே குழு. படிக்கும்போது எழுத்து ஆடுகிறதா? இரண்டு கண்ணும் சேர்ந்து குவிவதற்குப் பயிற்சி. மறதியா? போனில் நினைவூட்டல் வைத்து வேலையைத் துண்டு துண்டாக்கும் பழக்கம். தலைவலியையும் தூக்கத்தையும் முதலில் சரிசெய்தாலே பாதி மறதி குறைகிறது என்பது மறுவாழ்வு மருத்துவர்களின் அனுபவம்.

வாஷிங்டனை ஒட்டிய பெதெஸ்டாவில் 2010-ல், நன்கொடையாளர்கள் பணத்தில் கட்டி ராணுவத்திடம் ஒப்படைத்த இன்ட்ரெபிட் மையத்தில் நான்கு வாரச் சிகிச்சை நடக்கிறது. அங்கே வீரர்கள் முகமூடிக்கு வண்ணம் பூசுகிறார்கள். வாயைக் கம்பியால் தைத்த முகம், பாதி தேசியக்கொடியும் பாதி மண்டையோடுமான முகம். மருத்துவர் பல மாதம் கேட்டும் வெளிவராதது அட்டை முகத்தில் வந்து நிற்கிறது. 2015-ல் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் அந்த முகமூடிகளோடு வீரர்களைப் படமெடுத்துப் போட்டபோதுதான் பலருக்கு இந்தக் காயமே கண்ணில் பட்டது.

எட்டாத தூரத்தில் இருப்பவர்களோ விளம்பரத்தை நம்புகிறார்கள். அழுத்தமேற்றிய ஆக்சிஜன் அறையில் உட்காரவைக்கும் தனியார் கிளினிக்குகளுக்குக் கடன் வாங்கிப் போகிற குடும்பங்கள் உண்டு. ராணுவமே நடத்திய சோதனைகளில், உண்மையான அறையில் உட்கார்ந்தவர்களும், பேருக்கு அழுத்தம் வைத்த போலி அறையில் உட்கார்ந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கே தேறினார்கள். அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே ஒருவர் தினமும் அவர்களை உட்காரவைத்து, பெயர் சொல்லி விசாரிக்கிறார்.

2024 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறை ஒரு உத்தரவு போட்டது. புதிதாகப் படையில் சேருகிறவர்களுக்குத் தொடக்கத்திலேயே நினைவு, கவனம் இவற்றைச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் அழுத்தம் தரும் ஆயுதங்களின் அருகே நிற்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும். இனி வருகிறவர்கள் பத்து வருடம் கழித்து, 'நான் முன்னே இப்படி இல்லை' என்று சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஏடு இருக்கும்.

ஏற்கெனவே வெளியே வந்துவிட்டவர்களுக்கு அந்த ஏடு இல்லை. அவர்களுக்கு வி.ஏ. மூன்று காரியம் செய்யலாம். மூன்றுக்கும் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். பீரங்கிப் படைகளின் சுடு கணக்கை ராணுவத்திடமிருந்து நேரடியாக வாங்கி, அதைக் காயத்துக்கான ஆதாரமாக ஏற்கலாம். மூளைக்காயச் சந்தேகத்துக்கு எழுதிய சீட்டைப் பதில் வரவில்லை என்று மூடுவதை நிறுத்தி, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பணியாளரைப் பொறுப்பாக்கி, வீட்டுக்கே ஆள் அனுப்பி அழைத்து வரலாம். பரிசோதனை அறைக்குள் மனைவியையோ அம்மாவையோ கூப்பிட்டு, அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளலாம். ரக்காவில் சுட்ட இளைஞர்களில் பலர் இன்னும் முப்பதுகளில்தான் இருக்கிறார்கள்.